நான் வீட்டுக்காரியான நாள்

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் படியேற மாட்டார்கள். கடல் அப்பாவையும் பழைய வீட்டையும் கொண்டுபோன பிறகு எங்களுக்கு இரண்டறைச் சுனாமி வீடு ஒன்று கட்டித்தந்தார்கள். காணி உறுதிப் பத்திரம் கைக்கு வருமுன்பே, அது அக்காவின் வீடு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். மாமி மகனுக்கு அக்கா என்பதும் அந்த வீட்டோடு சேர்த்துப் பேசியதுதான்.

அடுத்த வருடம் அக்காவுக்கு வந்தாறுமூலைக் கம்பஸில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. அம்மா இடியப்பம் அவித்து விற்ற காசு சோற்றுக்கே மட்டுமட்டு. வசதியில்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப்பணம் வந்தால் அக்கா படிப்பாள். வராவிட்டால் காத்தான்குடிப் புடைவைக் கடையில் வேலைக்கு நிற்பாள். அதற்குக் கிராம அலுவலரான விதானையார் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதவேண்டும். அவர் வருகிறார் என்றதும் அம்மாவுக்கு உறக்கம் போய்விட்டது. ஏழைகளாகவும் தெரியவேண்டும், வந்த மனிதரை நிற்கவைக்கவும் கூடாது. என்னதான் செய்வது? மாமி வீட்டுக் கதிரைகள் வந்தன. கூடவே மாமியும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

விதானையார் வருமானம் கேட்டார், ஆடு மாடு உண்டா என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகவே பதில் சொன்னார். கடைசியில், "வீடு ஆர்ட?" என்றார் அவர்.

"மூத்தவட வீடு ஐயா." எங்கள் ஊரில் எந்தத் தாயைக் கேட்டாலும் அப்படித்தான் பெருமையாகச் சொல்வார்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "படிக்கிற புள்ளைக்குச் சொந்த வீடு இரிக்கெண்டு எழுதினா, காசு கிடைக்கிறது கஷ்டம் அம்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா மாமியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"பிழையாச் சொல்லிப்போட்டன் ஐயா. வீடு இவளுக்கு, சின்னவளுக்கு. மூத்தவளுக்கு ஒண்டுமில்ல."

விதானையார் எழுதிக்கொண்டு, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மாமி சிரித்தார். "அப்ப என்ட மகன் இவள் வளருமட்டும் இரிக்க வேண்டியதுதான்."

"அது விதானையாருக்குச் சொன்னது மச்சாள்" என்றார் அம்மா.

"சொன்னது சொன்னதுதானே கா" என்றபடி மாமி கதிரைகளைத் தூக்கினார்.

உதவிப்பணம் வந்தது. அக்கா படித்தாள். பேச்சை மாற்றினால் காசு நின்றுவிடுமோ என்ற பயத்தில் உறுதியையும் அம்மா என் பெயரிலேயே எழுதுவித்தார். யுத்தம் முடிந்த கையோடு மாமி மகனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அக்கா இன்று ஆசிரியை, வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள்.

விதானையார் வந்துபோன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் பழைய சட்டையும் பழைய புத்தகமுமே கண்ட எனக்கு முழுசாக ஒரு வீடு! கிணற்றடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு வந்த அக்காவை வாசலில் மறித்தேன்.

"இது என்ட வீடு. கேட்டுத்தான் உள்ள வரோணும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வரட்டா புள்ள?" என்றாள்.

அவளும் விளையாடுகிறாள் என்று நினைத்து, சற்று யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, வழிவிட்டேன்.