வெறுந்தாள்

என் மனைவி மூன்று திருநாளுக்கு வெறுந்தாளில் கைநாட்டு வைத்துப் புனிதருக்குக் கொடுத்தாள். மூன்றையும் நான்தான் எரித்தேன். அதைத்தான் எழுத வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைப் பக்கம், தெமோதரைக்கு மேலே. வரிசையாக ஒட்டிய காம்பரா வீடுகள், ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில். உள்ளே பழங்காலத்து ஆயர் ஒருவரின் சுரூபம். தலையில் உயரமான தொப்பி, ஒரு கையில் புத்தகம், மறு கையில் இறகுப் பேனா. நிறையப் புத்தகம் எழுதியவர் என்று பாதர் சொல்வார். அந்தக் காலத்தில் ரோமாபுரியிலிருந்து யாரும் இவரைப் புனிதர் என்று அறிவிக்கவில்லையாம். செத்த நாளில் சனங்கள் கல்லறையில் கூடினார்கள், பேரைச் சொல்லி வேண்டினார்கள், அவர் எழுதியதை வாசித்தார்கள். அப்படியே புனிதராகிவிட்டார். புனிதர்கள் செத்த நாளைத்தான் மோட்சத்தில் பிறந்த நாள் என்பார்களாம்.

அவர் எழுதியது எதையும் நாங்கள் வாசித்ததில்லை. எழுதுகிறவர் என்பதால் அவருக்குக் கடிதம் போடுவோம். காலடியில் ஒரு பிஸ்கட் டின். திருநாளன்று பிரிக்காமல் கோயில் வாசலில் எரிப்போம். கோயிலைக் கூட்டுவது, மணி அடிப்பது, கடிதங்களை எரிப்பது எல்லாம் நான். ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன், அவர்கள் கைநாட்டு வைப்பார்கள்.

ஒரு திருநாளுக்கு முந்திய வாரம் என் மனைவி தாள் கேட்டாள்.

"என்னா புள்ள எழுதணும்?"

"ஒண்ணும் வேணாங்க. மைய மட்டும் குடுங்க."

"வெறுந்தாளா? அவரு என்னத்தப் படிப்பாரு?"

"ஆபீசுல வெறுந்தாள்ல கைநாட்டு வச்சுத்தானே குடுக்குறோம். கிளாக்கரு பொறகு எழுதிக்கிறாரு. இவரு பெரிய எழுத்தாளு. அவரே எழுதிக்குவாரு."

சிரித்தேன். மலையில் கொழுந்து பறிக்கிற ஆட்களிடமும் சொன்னேன். "ஒன் பொண்டாட்டி சாமிக்கே வேல வக்கிறாளே" என்றார்கள். அடுத்த வருடமும் வெறுந்தாள். அதற்கடுத்த வருடமும். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த மூன்றாம் திருநாள் முடிந்து மழை தொடங்கியபோது, கொழுந்துப் பையைத் தூக்க முடியாமல் மலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இடது பக்கம் சட்டை ஈரம். மழை ஈரம் இல்லை. மார்பில் புண்.

பஸ் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எவ்வளவு காலமாக என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"மூணு திருநாளாச்சு" என்றாள்.

இரண்டு வருடத்துக்கு மேல் என்று டாக்டரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கியது. அவர் வார்டில் சேர்க்கத் துண்டு எழுதினார்.

வார்டில் கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா?"

"அப்பவே கூட்டிட்டு வந்திருப்பேன்ல."

கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். "பக்கத்துக் காம்பராக்காரி, புருசன் அடிக்கிறான்னு சாமிக்கு எழுதச் சொன்னா. அன்னிக்குச் சோறு திங்கும்போதே எங்கிட்டச் சொன்னீங்க. நல்லாச் சிரிச்சீங்க. என் மாருல கட்டின்னா எங்கெங்க போய்ச் சொல்லியிருப்பீங்களோ."

சுடுதண்ணீர்ப் போத்தலை மூடி வைத்தேன்.

தைப் பொங்கல் கழிந்து செத்தாள். தேயிலைக்குக் கீழே எங்கள் மயானத்தில் அடக்கினோம்.

அடுத்த திருநாளில், அந்த வருடம் செத்தவர்களின் பேரைப் பாதர் வாசித்தார். அவள் பேர் நாலாவது. செத்த நாள்தான் பிறந்த நாள் என்று அன்றும் சொன்னார். புனிதருக்கு அப்படி இருக்கலாம். அவள் செத்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சுவிடக் கஷ்டப்பட்டாள். நின்றுவிட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே பக்கத்துக் காம்பராக்காரி நின்றாள். போய்ச் சொன்னேன்.

"தங்கச்சி, நீ எழுதச் சொன்ன விசயத்த நான் வூட்டுல சொல்லிட்டேன். அப்பவே."

"தெரியும்ண்ணே" என்றாள். "செவுரு மெல்லிசுதானே. நீங்க சிரிச்சது கேட்டுச்சு."

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று டின்னைப் பாதரிடம் கொடுத்து அவரையே எரிக்கச் சொன்னேன். கோயிலைக் கூட்டுகிறேன், மணி அடிக்கிறேன். கடிதம் எழுதுவதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.