ஆடுகளோடு வளர்ந்த நாய்

வயல் வட்டையோரத்தில் எனக்கு ஓர் ஆட்டுப்பட்டி இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் அதிலிருந்து ஆறு குட்டிகளை நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"இன்னும் ஒண்டு போனா ஆட்டையெல்லாம் வித்துப்போட்டு எங்கட காக்காட கடையில போய் நில்லுங்க" என்றாள் மனைவி.

காக்கா என்று அவள் சொல்லும் அண்ணன், அதாவது என் மச்சான், கடையில் நிற்பவர்களுக்கு நாள் முழுக்கப் புத்தி சொல்லுகிறவர். அதைவிட என்னையே நரி தூக்கட்டும் என்று, காரைதீவில் ஆசிரியராக இருக்கும் கூட்டாளியிடம் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தேன்.

எங்கள் ஊரில் ஒருவன் நாய் வளர்த்தால் போதும், ஊரே மௌலவியாகிவிடும். மச்சான்தான் முதலில் வந்தார்.

"நாய்ர ஈரம் பட்டா ஏழு தரம் கழுவணும் மச்சான். அதுல ஒரு தரம் மண் போட்டு."

"ஓம், தெரியும். ஆடு மாடு காக்க நாய் வெச்சிருக்கலாம் எண்டும் இரிக்கே?"

"அது வேற கதை" என்றார். எனக்குச் சாதகமான எதுவும் அவருக்கு வேறு கதைதான்.

நான் மட்டும் பெரிய வீரனா? குட்டியை ஒரு நாளும் தொடவில்லை. நீளக் காம்பு அகப்பையால் வேலிக்கு வெளியே நின்றபடி சோற்றைப் போட்டேன். அது கிழட்டு ஆடொன்றின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தே வளர்ந்தது.

பார்க்க வந்த கூட்டாளி அசந்துபோனார். "வெளிநாட்டுப் பண்ணையிலயும் இப்பிடித்தான். ஆக்கள் செல்லம் குடுக்காம ஆட்டோடயே வளர்ப்பாங்க. எங்க படிச்ச நீங்க?" எல்லாம் என் திட்டம் என்பதுபோல் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒரு குட்டியும் போகவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது மச்சான் அறுத்துக் குர்பான் கொடுக்க வாங்கிய கிடாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"பெருநாள் வரைக்கும் உங்கட பட்டியில நிக்கட்டும். ஆனா நாய் கிட்ட வரப்படாது."

"அப்ப நரிக்கிட்டயும் ஒரு வார்த்தை செல்லி வைங்க" என்றேன்.

நான்காம் நாள் காலை பட்டிக்குப் போனால் வேலி பிய்ந்து கிடந்தது. நாயின் முன்னங்கால் கிழிந்து ரத்தம். அது மச்சானின் கிடாயின் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. கிடாய்க்கு ஒரு கீறலும் இல்லை. போன் பண்ணியதும் மச்சான் பறந்து வந்து கிடாயைக் கட்டிப் பிடித்து, அந்த ஈரக் கழுத்தைத் தடவித் தடவி அல்லாஹ்வைப் புகழ்ந்தார்.

"மச்சான், ஏழு தரம்" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். "இது பனி" என்றார். வெயில் அப்போது மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அவர் கிடாயோடு போன பிறகு மருந்தை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் இறங்கினேன். கழுவத் தண்ணீரும் மண்ணும் தயாராகத்தான் வைத்திருந்தேன். முதல் தடவையாக நாயை நோக்கிக் கையை நீட்டினேன். நரிக்கு முன்னால் அசையாமல் நின்ற நாய், என் கையைக் கண்டதும் நடுங்கி, நொண்டி நொண்டிப் போய் ஆடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.