சின்னம்மா பூட்டிய படலை

சின்னம்மாவின் பழைய சரித்திரக் காதல் நாவலை இன்று பாதியிலேயே வீசியெறிந்தேன். இளவரசி கோட்டைப் பூட்டின் திறப்பைக் காதலனிடம் கொடுத்துவிட்டு அழுகிறாளாம்! விழுந்த புத்தகத்திலிருந்து தையல் மெசின் எண்ணெய் மணத்தது.

துறைமுகத்தடி வீட்டு விறாந்தையில் தையலுக்கு நடுவே சின்னம்மா இப்படியான நாவல்களை வாசித்து அழுவார். அவர் விரும்பியவன் ஒருநாள் வந்து, "வீட்டை என்ர பேருக்கு எழுதினால்தான் கலியாணம்," என்றான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பான்.

சின்னம்மா மெசினை நிறுத்தவில்லை. "உங்களில விருப்பம்தான். ஆனா கோவிச்சுக்கொண்டு வெளியில போறதெண்டால் நீங்கதான் போகோணும், நானில்லை."

போனான். சின்னம்மா வாசல் படலையைப் பூட்டினார். அடுத்த கிழமையே பெட்டியோடு வந்தான். வாசித்துக்கொண்டிருந்த அத்தியாயத்தை முடித்த பிறகுதான் சின்னம்மா எழுந்துபோய்ப் படலையைத் திறந்தார்.

அவனை நான் இன்றுவரை சித்தப்பா என்று கூப்பிட்டதில்லை. யாராவது கேட்டால், வீட்டுக்காரியின் புருஷன் என்பேன்.