தயிர் குடித்த சுவர்

மெர்டேக்கா வருஷம், அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழில், அரசாங்க ஒப்பிஸ் ஒன்றில் டெம்பரரி ஓவர்சியராகச் சேர்ந்தேன். முதல் நாள் வெள்ளைக்காரத் துரை எனக்குக் கொடுத்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு புதுச் சுவரைக் கிழடாக்க வேண்டும்.

மலாக்காவில் காஜா பெராங்கில் டச்சுக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றுதான் எங்கள் ஒப்பிஸ். செம்பூரான் கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. இடம் போதாமல் பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் கட்டவிருந்தார்கள். துரை முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அங்கே கற்ற தமிழில் உத்தரவு போட்டார்.

"ஏய் ஓவர்சியர், புதுசுக்குப் பூச்சு வேணாம். கல்லு வெளியே தெரியணும். பழசு மாதிரி இருக்கணும். நான் சீமை போறதுக்கு முன்னே போட்டோ புடிக்கணும்."

"பழசுல கல்லே தெரியாதே, தொரை."

"நீ ரொம்பப் பேசுது."

டெம்பரரிக்கு ஏது வாய்? வேலை நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளோடு மச்சான் வீட்டு ஒற்றை அறையில் ஒண்டியிருந்தேன்.

1. கல்லும் ஓடும்

ஆயர் குரோ பக்கத்து மேட்டிலிருந்து லோரியில் கல் வந்தது. செம்பூரான் கல் வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டுத்தான் இறுகும். அதனால் சில வாரம் அடுக்கிப் போட்டுவிட்டுப் பிறகு கட்டினோம். அந்த வேலையில் நான் செய்த யோக்கியமான காரியம் அது ஒன்றுதான்.

பிறகு பழைய கட்டடத்து ஓடுகளைக் கழற்றிப் புதியதன் மேல் வேய்ந்தோம். பழையதற்குத் தகரம் போட்டோம். அதன் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசி, மெர்டேக்காவுக்கென்று பளீரென்று வெள்ளை பெயிண்டும் அடித்தோம். ஒப்பிஸ் புதியதற்கு மாறியது. பழையது ஸ்டோர் ஆனது.

2. தயிர்

துரைக்கு அது போதவில்லை, பாசி வேண்டுமாம். பால்காரரிடம் புளித்த தயிர் வாங்கிக் கழுநீரில் கரைத்துச் சுவரெல்லாம் அடித்தோம். கல் சுமக்கும் காளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எண்ணே, எம்புள்ளைக்குச் சோத்துல ஊத்த மோரு இல்ல. செவுத்துக்கு அபிசேகமா?"

"இந்தச் செவுருதான் தாயி எனக்கு வேலை குடுக்கணும். பேசாம அடி."

மிச்சத்தை மலாக்கா மழை பார்த்துக்கொண்டது. சுவர் பச்சை பிடித்தது. துரை போட்டோ பிடித்தார், கப்பல் ஏறினார். பிளானும் அவர் பெட்டியோடு போய்விட்டது.

3. புது இன்ஜினியர்

துரை இடத்துக்கு யாழ்ப்பாணத்து இன்ஜினியர் ஒருவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தார். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. வந்த அன்றே வளாகத்தைச் சுற்றியவர், என் பாசிச் சுவரைத் தடவிக் கண் கலங்கினார்.

"பாரும் காணும், டச்சுக்காரன்ர வேலையை! எத்தினை மழையைக் கண்ட கல்லு! இப்ப உள்ளவங்களுக்கு இப்பிடிக் கட்டத் தெரியுமோ?"

பக்கெட்டோடு நின்ற காளியம்மா என் முழங்கையை இடித்தாள். "சொல்லேண்ணே."

"தெரியாதுங்கய்யா," என்றேன் நான்.

'டச்சுக்காரர் காலத்துச் சுவர். தொடாதீர்' என்று பித்தளைப் பலகை செய்து அதில் அறைந்தார்கள். மறுநாளே கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன்.

நிரந்தர ஓவர்சியராக எனக்கு வந்த முதல் உத்தரவு: சரித்திரச் சுவரின் அழகைக் கெடுக்கும் பக்கத்து வெள்ளைக் கட்டடத்தை இடி.

கடப்பாரை பட்டதும் சிமெண்ட் பெயர்ந்து செம்பூரான் கல் தெரிந்தது. காளியம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"எண்ணே, இதுவும் அதே கல்லுதானே?"

"அதே கல்லுதான். தூக்கு."

குவார்ட்டர்ஸ் சாவி என் பையில் இருந்தது. எனக்கே என்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய கட்டடத்தின் பக்கத்தில் புதுக் கல் வைத்தால், கட்டிய வருஷத்தை அதில் பெரிதாக வெட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் கட்டிய ஒவ்வொரு கல் சுவரிலும் வெட்டினேன். அந்த ஒரு சுவரில் மட்டும் முடியவில்லை. உளியோடு இரண்டு முறை போய்விட்டுத் திரும்பி வந்தேன். தொடாதீர் என்று பலகை இருக்கிறதே!