அரசன் இல்லாத போர்ச் சித்திரம்

பொலிதேயாமா சதுக்கத்தில் பேருந்துக்காக நின்றபோது மெற்றில்டா அக்காவின் மகள் அழைத்தாள். “ரீச்சர், அம்மா விடியக்காலமை எங்களை விட்டுப் போட்டா,” என்றாள். குரல் உடையவில்லை, தாயின் பிள்ளை. வந்த பேருந்தை விட்டுவிட்டு நின்றேன்.

உங்களில் பலருக்கு அவரைக் கோயில் திருநாளுக்குக் கொடிச்சீலை வரைகிறவராகத் தெரியும். மன்னாரில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்த இந்த நகரில் ஒரு வயோதிப சின்யோராவை, இந்த நாட்டு அம்மா ஒருவரை, வீட்டோடு இருந்து பராமரித்தார். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் வரலாறு, அவர் சித்திரம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து இருவரும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். எகிப்து அரசர்களின் ஆண்டுக் குறிப்புகள் வெட்டிய கறுப்புக் கல் துண்டொன்று அங்கே இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் ஒரு படையெடுப்பு. பிடித்து வந்த மனிதரின் தொகையும் மாடுகளின் தொகையும் அடுத்தடுத்து. நான் விளக்கி முடிக்கும்வரை அக்கா கண்ணாடிப் பெட்டியோடு முகத்தை ஒட்டி வைத்திருந்தார்.

“பிடிபட்ட சனம் எழுதின கல்லு எங்கை கிடக்கு?”

“அப்பிடி ஒண்டும் இல்லை, அக்கா.”

“அப்ப இது பாதிக் கதை.”

பிறகு பள்ளிக் கண்காட்சிக்கு எகிப்தை வரையச் சொன்னார்கள். நான் கொடுத்த புத்தகத்தில் ஒரு கோயில் சுவரின் படம் இருந்தது. தேரில் மலைபோல அரசன். அவன் முன்னால், கொல்லப்பட்ட எதிரிகளின் வெட்டிய கைகள் குவியலாக. பக்கத்தில் அவற்றை எண்ணி எழுதும் எழுத்தர்கள். அக்கா பெரிய சீலைத் துணியில் கைகளையும் எழுத்தர்களையும் தூரிகையால் கீறினார். கொல்லப்பட்டவர்களுக்கு, அந்தச் சுவரில் இல்லாத முகங்களைக் கொடுத்தார். அரசனைக் கீறவேயில்லை.

பள்ளித் தலைவர் வந்து பார்த்தார். “ராசா எங்கை, அக்கா?”

“அங்கை கோயில் முழுக்க அவரைத்தானே செதுக்கி வைச்சிருக்கினம். இஞ்சை அவருக்கு இடமில்லை.”

“பிள்ளையள் பயப்பிடுவினம். கையளையாவது அழியுங்கோ.”

அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “வெட்டினவனே வெக்கமில்லாமல் எண்ணி வைச்சிருக்கிறான். என்ரை தம்பியை ஒருத்தரும் எண்ணேல்லை. நான் ஏன் அழிக்க வேணும்?”

அவருடைய தம்பி எங்கள் நாட்டில் நடந்த கடைசிப் போரில் காணாமற்போனவர் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம்.

கண்காட்சியன்று போனபோது சித்திரத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அக்கா யாரிடமும் கேட்கவில்லை. கதிரையில் ஏறித் துணியை இழுத்தார். அவசரப்படாமல் ஆறுதலாக மடித்து வைத்தார். பின் சித்திரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

“இனி மூடுறதெண்டால் என்னையும் சேர்த்து மூடுங்கோ.”

சிலர் முகத்தைச் சுழித்துக்கொண்டு பிள்ளைகளோடு வெளியேறினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். நகரின் அல்பெர்கேரியாப் பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு தாய், சித்திரத்தில் இருந்த முகமொன்றைத் தொட்டு, “இது திரும்பி வராத எங்கடை மனுசனைப் போலக் கிடக்கு,” என்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் மடித்த துணியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பிடிவாதம். வெற்றிச் சின்னம் எதைக் கண்டாலும், தோற்றவரின் முகம் அதில் எங்கே என்று தேடுகிறேன். இல்லையென்றால், இல்லை என்று வகுப்பில் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்த கையோடு, அன்றிலிருந்து பள்ளிச் சுவரில் தொங்கும் அந்தச் சீலையை இனி இறக்கிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். இறக்க விடமாட்டேன் என்றேன். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்லுவீர்கள் என்றார்.

“எண்ணினவன் ஆர், எண்ணாமல் விட்டவன் ஆர் எண்டு அதுகளையே கேக்கச் சொல்லுவன்.”