வெள்ளிக்கிழமை மூடாத ஷட்டர்

நான் குடியிருப்பது எண்ணூர் போகிற சாலையோரத்தில் ஒரு வீட்டு மாடியில். கீழே முன் அறையில் வீட்டுக்கார அக்கா சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அந்தக் கடை ஷட்டருக்கு மோட்டார் போட்ட அன்று, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற ட்ரெய்லர் டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். ரிமோட்டை அழுத்தியதும் ஷட்டர் தானாக ஏறியது.

"யக்கா, இன்னா இது, ஏர்போர்ட்டு கணக்கா கீது!" என்றார் ஒரு டிரைவர்.

"ஏர்போர்ட்டுல சாம்பாரு ரெண்டாந்தபா ஊத்துவானா? குந்தி துன்னு நைனா," என்றார் அக்கா.

அக்கா கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்து, வலது தோளில் ஆபரேஷன் ஆனவர். கரண்டி பிடிக்கிற கை ஷட்டரைத் தூக்காது. ஆவடியில் இருக்கும் மகள், "கடைய மூடிட்டு என்னோட வந்துடும்மா" என்று மன்றாடிப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. கடைசியில் அவளே ஆள் பிடித்து இந்த மோட்டாரைப் போட்டுக் கொடுத்தாள். கூடவே ஒரு நிபந்தனை: "இதுலயும் கஷ்டம்னா நீ எங்கூட வந்துடணும். அப்பாலிக்கா பேச்சு மாறக் கூடாது." அக்கா தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் ஷட்டர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக ஏறும். மதியம் கடையை மூடிவிட்டு அக்கா சற்றுத் தலை சாய்க்கலாம் என்று அழுத்தினால், பாதி இறங்கி, யோசித்து, மறுபடி மேலே போய்விடும். சில நாள் நன்றாக இறங்கும், சில நாள் இறங்கவே இறங்காது. இறங்காத நாளில் அக்கா வெயிலில் நாற்காலி போட்டு, தோளைத் தடவிக்கொண்டே கடைக்குக் காவல் இருப்பார்.

ரிமோட்டுக்கு நான் புது பேட்டரி போட்டேன். ஒரு டிரைவர் ஷட்டர் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டார். "உப்புக் காத்துக்கு நம்ம முட்டியே கீச்சு கீச்சுன்னுது, இரும்பு இன்னா பண்ணும் பாவம்," என்றார். மீன் விற்கிற அம்மா கூடையை இறக்காமலே, "எல்லாம் கரண்டு வேல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

ராயபுரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். அவர் எதிரில் ஷட்டர் நல்ல பிள்ளை மாதிரி சொன்னபடி இறங்கியது. "இன்னாக்கா, நல்லாத்தான கீது? என்னப் பாக்கணும்னா சும்மாவே கூப்டு, வந்து துன்னுட்டுப் போறேன்," என்று சிரித்தார். அடுத்த வாரமும் அவர் வந்தபோது அதே கதைதான். போகும்போது, கீழே இரண்டு பக்கமும் கணுக்கால் உயரத்தில் இருந்த சின்னக் கறுப்பு டப்பிகளைக் காட்டினார். ஷட்டர் இறங்கும்போது அவற்றுக்கு நடுவே ஆளோ பொருளோ இருந்தால், மேலே விழுந்துவிடாமல் திரும்ப ஏறிக்கொள்ளுமாம். நாங்கள் தண்ணீர் டிரம்மை நகர்த்தினோம். பெஞ்சை நகர்த்தினோம். வாசலில் படுக்கும் பூனையைக்கூட விரட்டினோம், பாவம். ஷட்டர் மட்டும் தன் இஷ்டத்துக்கே நடந்தது.

விஷயம் மகள் காதுக்கும் போனது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். அக்கா பேச்சு மாறுகிறவர் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நான் இறங்கி வந்தபோது அவருடைய புடவைகள் ஒரு பையில் மடிக்கப்பட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தன.

அன்று அக்காவுக்குத் தோள் வலி. வெள்ளிக்கிழமை வேலையை மகள்தான் செய்தாள். கடையைக் கழுவி, சந்தனம் குழைத்து, ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். அக்கா நாற்காலியிலிருந்து அதிகாரம் பண்ணினார்.

"அடுப்புக்கு வெச்சியா? கிரைண்டரு? கல்லாப்பொட்டி? அப்டியே ஷட்டராண்ட வா. கீய ரெண்டு பக்கமும் டப்பி கீது பாரு, அதுக்கும் வெய்யி. அதுவும் நம்மளுக்குத்தான ஒழைக்குது."

"எங்கம்மா வெக்கிறது, இத்தினியூண்டு கீது?"

"நடுவுல வட்டமா பளபளன்னு கீதே, அங்கதான்."

மதியம் கடைசிப் பந்தி முடிந்தது. அக்கா ரிமோட்டை அழுத்தினார். ஷட்டர் பாதி வரை வந்து நின்று, மேலே ஏறிவிட்டது. மறுபடி அழுத்தினார். அதேதான். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"செரி, கெளம்பலாம். அந்தப் பைய எடு," என்றார். குரலில் ஒன்றுமே இல்லை.

மகள் பையை எடுக்கவில்லை. தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுனியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பிறகு குனிந்து டப்பியைப் பார்த்தாள். அவள் பார்த்ததால்தான் நானும் பார்த்தேன். நடுவில், எதிர் டப்பியைப் பார்க்கிற கண்ணாடியை மறைத்துக்கொண்டு, லட்சணமாக ஒரு பொட்டு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை அக்கா வைப்பது, இன்று மகள் வைத்தது. மெக்கானிக் வந்தபோதெல்லாம் அது அதற்குள் காய்ந்து உதிர்ந்திருக்கும். கடையில் பொட்டில்லாத பொருளே கிடையாது. அதனாலேயே அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அம்மாவைக் கூட்டிப்போக அவள் எத்தனை ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். பையும் கட்டியாகிவிட்டது. ஆனால் அவள் மண்டியிட்டு, துப்பட்டா நுனியால் அந்தப் பக்கம் ஒரு துடைப்பு, இந்தப் பக்கம் ஒரு துடைப்பு.

"இப்ப அமுத்தும்மா."

ஷட்டர் தரையைத் தொடும் வரை இறங்கியது. இருட்டில் மூன்று பேரும் நின்றோம். யாரும் லைட்டைப் போடவில்லை.

"வெள்ளிக்கெயம அதுவும், பொட்டு வெக்காம எப்டி வுடுறது?" என்றார் அக்கா கடைசியில்.

"டப்பிக்கு மண்டைல வெய்யி. மூஞ்சில வெக்காத." மகளுக்கு மூக்கு அடைத்திருந்தது. "பைய எங்க வெக்கிறது?"

"எடுத்த எடத்துலயே வெய்யி. பீரோல."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். "யக்கா! இன்னாக்கா அதுக்குள்ள மூடிட்ட? நான் இன்னும் துன்னவே இல்ல!"

அக்கா இருட்டில் துழாவி, ரிமோட்டை மகள் கையில் வைத்தார்.

"தொற. பசியோட நிக்கிறான் பாரு."