காந்தத்துக்கு வைத்த பொட்டு

பிரதாபனுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதுதான் தொழில். ஸ்கந்தபுரத்துப் பக்கம் திருவிழா என்றாலும் கலியாணம் என்றாலும் அவனுடைய பெட்டிகள்தான் கத்தும். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுப்பவன் வீட்டில் வெளிச்சம் இல்லை என்பது ஊரார் விடாமல் அடிக்கும் பகிடி. மின்கம்பங்கள் வாய்க்கால் முனையோடு நின்றுவிட்டன. சின்ன சோலர் விளக்கு ஒன்று இருந்தது. மாரியில் வானம் மூடினால் அதுவும் படுத்துவிடும்.

போன மாரியில் குசினிக்குள், அடுப்படியில், புடையன் பாம்பு கிடந்தது. அவன் மனைவி ராஜினி இருட்டில் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். இப்போது அவள் வயிற்றில் பிள்ளை. பேறுக்கு வவுனியாவில் தாய் வீட்டுக்குப் போவது முறைதான், ஆனால் அவள் இரண்டு பைகள் அடுக்கியிருந்தாள். ஒன்றில் பிள்ளைச் சாமான். மற்றதில் சேலைகள், சீப்பு, கலியாணப் படம்கூட. பிள்ளை பெறப் போகிறவளுக்குக் கலியாணப் படம் எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். வெளிச்சமில்லாத வீட்டுக்குப் பிள்ளையோடு வரமாட்டேன் என்று அவள் ஒருமுறை சொன்னதே அவன் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

ஆகவே காற்றாடி செய்ய இறங்கினான். வாடைக் காற்றுக்கு அந்த வயல் வெளியில் பஞ்சமில்லை. பழுதான ஒலிபெருக்கிகளைப் பிரித்தால் வட்டக் காந்தங்கள் கிடைக்கும். அவற்றை இரும்புத் தட்டில் வடமுனை, தென்முனை என்று மாற்றி மாற்றிப் பதித்து, செப்புக் கம்பிச் சுருள்களுக்கு முன்னால் சுழலவிட்டால் மின்சாரம் வரும். யூடியூப்பில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டது. சண்டைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டு வளர்ந்தவன் வேறு. வடமுனைப் பக்கத்துக்கு அடையாளம் போட மை தேடினான், கிடைக்கவில்லை. சாமித்தட்டிலிருந்த குங்குமத்தைக் குழைத்து, காந்தங்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பொட்டு வைத்தான்.

அதற்குள் நவராத்திரி வந்து, பெட்டிகளோடு கோயில் கோயிலாக அலைந்தான். திரும்பி வந்து பொட்டைப் பார்த்துப் பார்த்துக் காந்தங்களைப் பதித்தான். முல்லைத்தீவில் படகு ஒட்டுகிறவர்களிடம் வாங்கிய ரெசின் பசையை ஊற்றி இறுக்கினான். கையால் சுழற்றிப் பார்த்தால், சுருள்களோடு பூட்டிய மீற்றரின் முள் அசையவே மாட்டேன் என்றது.

வயர்களை மாற்றிக் கொடுத்தான். சுருள்களைத் திருப்பினான். மல்லாவியில் பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கிருபனைக் கூட்டிவந்தான். அவன் சுருள்களில் ஒரு குறையும் இல்லை என்றான். மிச்சமாகக் கிடந்த காந்தம் ஒன்றைச் சுருளுக்கு மேலே ஆட்ட முள் துள்ளியது.

"ஒண்டைக் காட்டினா வருது, எல்லாத்தையும் காட்டினா வரேல்லை. இதென்ன கோதாரியடா" என்றான் கிருபன். சாமி கும்பிடாமல் தொடங்கியிருப்பாய் என்று பகிடியும் விட்டான்.

குசினிக்குள் நின்ற ராஜினிக்குச் சுருக்கென்றது.

"ஆர் அப்பிடிச் சொன்னது? ஆயுத பூசைக்கு இவரின்ரை சாமான் முழுக்க நான்தான் கழுவித் துடைச்சனான். அந்தக் காந்தம் ஒவ்வொண்டுக்கும் புதுசாப் பொட்டும் வைச்சனான்."

அவளுடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். கத்திக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைக்காமல் அவர்களுக்கு ஆயுத பூசை கழியாது. பிரதாபன் வளர்ந்த வீட்டில் அந்த நாளில் புத்தகங்களுக்குத்தான் மரியாதை. அதனால் அவனுக்கு அது தோன்றவே இல்லை. கழுவியதில் அவன் வைத்த பொட்டுப் போக, அவள் கண்ணில் பட்ட பக்கத்தில் புதுப் பொட்டு வைத்திருக்கிறாள். அவன் அந்தப் பொட்டை நம்பி வடக்கையும் தெற்கையும் கலந்து பதித்திருக்கிறான்.

கிருபன் ஏதோ அவசரவேலை நினைவு வந்தவனாக மோட்டார் சைக்கிளை எடுத்தான். பிரதாபனுக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. ரெசின் சரியில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு உளியை எடுத்தான். இரண்டாவது காந்தம் உடைந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"நான் கழுவினதாலைதானே?"

பொய் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஓம்" என்றான்.

அவள் உள்ளே போனாள். பையின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். அவள் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸ் போத்தலோடு திரும்பி வந்தாள்.

"இதாலை அடையாளம் போடுங்கோ. நான் கழுவினாலும் போகாது."

உடைத்து எடுத்து முடியுமுன்னே அவள் போகும் நாள் வந்துவிட்டது. பஸ்சுக்கு வெளிக்கிட்டபோது அவளிடம் ஒரு பைதான் இருந்தது. மற்றதை எடுக்க அவன் உள்ளே திரும்பினான்.

"அது கிடக்கட்டும். படத்தை எடுத்துச் சுவரிலை கொழுவிவிடுங்கோ" என்றாள்.

விளக்கு இன்னும் எரியவில்லை. பிறகு எதை நம்பிப் பையை விட்டுப் போகிறாள் என்று பஸ் போன பிறகும் அவனுக்கு விளங்கவில்லை. சந்தோசத்தில் கண் மட்டும் கலங்கியது. வீட்டுக்கு வந்து முதலில் படத்தைக் கொழுவினான். அதன் பிறகுதான் உளியைத் தொட்டான்.